விதை மொச்சை

முதல் மழை தகரக் கூரையில் சடசடவென்று இறங்குகிறது. அக்கம்பக்கத்தார் மண்வெட்டியும் விதைக் குடுக்கையுமாகக் கூச்சல் போட்டபடி மலைச்சரிவுக்கு ஓடுகிறார்கள். சுல்மிரா மட்டும் அடுப்படியில் அசையாமல் நிற்கிறாள். வறட்சியிலும் தொடாமல் அவள் காப்பாற்றிய விதை மொச்சை அத்தனையும் பானையில் சோளத்தோடு வெந்து மலர்ந்து கிடக்கிறது. விருந்தாளியின் தட்டு வெறுமையாக இருக்கக் கூடாதென்று, அவள் தண்ணீருக்குப் போன நேரத்தில் புருஷன் நெலிட்டோ எடுத்துக் கொட்டிவிட்டான். யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுக்கத் தலைநகர் பிராயாவிலிருந்து வந்த அதிகாரி இரண்டாம் தட்டை வழிக்கிறார். "பரவால்லயே அக்கா, இந்த ஊர்ல ஆளுக்கு நல்லாவே மொச்சை கிடைக்குது!" என்கிறார். "சாருக்கு இன்னும் கொஞ்சம் போடு, சுல்மி," என்கிறான் நெலிட்டோ, அவள் முகத்தைப் பார்க்காமல். அடுப்புப் புகை அவள் கண்ணைக் கரிக்கிறது, அவள் துடைக்கவில்லை. துணியைச் சுற்றிப் பானையைத் தூக்கி, ஆவி பறக்க, நெலிட்டோவின் முன்னால் ணங்கென்று வைக்கிறாள். அதிகாரியின் கரண்டி பாதியில் நிற்கிறது. "எந்திரி. ஒரே குழியிலதானே சோளத்தையும் மொச்சையையும் போடுவோம்? நீதான் கலந்தே வச்சிருக்கியே. கொண்டுபோய் விதை. சாரையும் கூட்டிட்டுப் போ. முளைக்கிறதை எண்ணட்டும்."