கதவடியில் நீலக் கோடு

மலையூர் வீடொன்றில் ஒரு ஹீட்டர் இருந்தது. கம்பிகள் சிவக்கச் சிவக்க எரிந்தும் அறை சூடாகவில்லை. வீட்டுக்காரர் அதைத் தினமும் திட்டினார்.

"நீ சரியாக எரிவதில்லை" என்றது வாசல் கதவு.

"எரிகிறேன்! உன் காலடி வழியாகத்தான் சூடெல்லாம் ஓடிப்போகிறது!"

"என் வழியாகவா? நான் அசல் தேக்காக்கும்!"

ஒருநாள் வீட்டுக்காரர் வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமரா ஒன்றை வாங்கிவந்தார். சூடான இடம் அதில் சிவப்பாகத் தெரியும், குளிர்ந்த இடம் நீலமாகத் தெரியும்.

கேமரா அறையைச் சுற்றிப் பார்த்தது. "ஹீட்டர்மேல் குற்றமில்லை. கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து. அதோ, நீலக் கோடு!"

"உன் கண்ணில்தான் கோளாறு" என்றது கதவு.

வீட்டுக்காரரும் கோட்டைப் பார்த்துவிட்டார். அப்பாடா என்று ஹீட்டர் மூச்சுவிட்டது. அவரோ கதவை அகலத் திறந்துவைத்து, "எல்லாரும் வாங்க! குளிர் எங்கே நுழையுதுன்னு அப்படியே தெரியுது!" என்று தெருவையே கூப்பிட்டார்.

"ஐயோ, சாத்தச் சொல்லேன்!" என்று ஹீட்டர் கேமராவிடம் கதறியது.

"எனக்குக் காட்டத்தான் தெரியும்" என்றது கேமரா.

வந்தவர்கள் படத்தைப் பார்த்து வியந்தார்கள். அறைக்குள் பனிக்காற்று நிறைந்தது. வீட்டுக்காரர் கைகளைத் தேய்த்துக்கொண்டே ஹீட்டரை முறைத்தார்.

"கேமரா பிரமாதம். இந்தச் சனியனைத்தான் முதல்ல மாத்தணும்."