விரிசல் விட்ட சங்கு

சங்கையே வீடாகச் சுமந்து திரியும் நண்டு ஒன்று, ஆக்டோபஸிடம் புதுச் சங்கு வாங்கியது. "விரிசல் விட்டால் நானே ஒட்டித் தருவேன்" என்று ஆக்டோபஸ் சத்தியம் செய்திருந்தது.

முதல் பெரிய அலையிலேயே சங்கு விரிசல் விட்டது.

"வச்சிட்டுப் போங்க, நாளைக்கே முடிஞ்சிடும்" என்றது ஆக்டோபஸ்.

நண்டு வெற்றுடம்போடு பாறை இடுக்கில் பதுங்கிக் கிடந்தது. விலாங்கு மீன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதற்கு உயிர் போய் உயிர் வந்தது. போய்க் கேட்டால், ஒருநாள் பிசின் வரவில்லை. இன்னொருநாள் ஒட்டுகிறவர் ஊரில் இல்லை. கடைசியில், "உங்களுக்குப் பொறுமையே கிடையாதா?" என்று ஆக்டோபஸ் சிரித்தது.

நண்டுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. விறுவிறுவென்று ஆக்டோபஸ் குடியிருந்த பானைக்குள் புகுந்து, கொடுக்கை வாசலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"ஐயையோ, அது என் வீடுங்க!"

"என் வீட்டைக் கொடு, வெளியே வர்றேன்."

தூரத்தில் விலாங்கின் தலை தெரிந்தது. ஆக்டோபஸின் எட்டுக் கைகளும் ஒரே நேரத்தில் வேலையில் இறங்கின. விலாங்கு நெருங்குவதற்குள் சங்கை ஒட்டி முடித்துவிட்டது.

'இவ்வளவுதானா வேலை!' சங்குக்குள் நுழைந்தபோது நண்டுக்கு முன்னைவிட அதிகமாகக் கோபம் வந்தது.