இடம் மாறும் வலி

“பொண்ணு விடியறதுக்குள்ள வீட்டை விட்டுப் போயிட்டா,” என்றார் பல் மருத்துவர். நாற்காலியில் சாய்ந்திருந்த பெயிண்டரின் கண்கள் அகல விரிந்தன. வாய் ஏற்கெனவே திறந்திருந்ததால் அதற்குமேல் அவரால் அதிர்ச்சியைக் காட்ட முடியவில்லை.

“யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. அப்பாவோட குடையை மட்டும் எடுத்துக்கிட்டா.” மருத்துவர் சிறு கண்ணாடியைக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் நுழைத்துப் பார்த்தார்.

போனது அவருடைய மகள் அல்ல. அவருக்கு மகளே கிடையாது. அவர் எழுதிய நாவலின் கதாநாயகி அவள்.

எந்தப் பதிப்பகமும் பதில் போடாததால் நாவலைச் சொந்தச் செலவில் அச்சடித்திருந்தார். பிழை திருத்தியது அவரே, அட்டைக்கு வண்ணம் தேர்ந்தெடுத்தது அவரே, முதல் பிரதியை வாங்கியதும் அவரே. இணையத்தில் வந்த ஒரே விமர்சனம் மச்சான் எழுதியது. ஐந்து நட்சத்திரம் போட்டு, ‘பொருள் கசங்காமல் வந்து சேர்ந்தது’ என்று பாராட்டியிருந்தார்.

மீதிப் பிரதிகள் காத்திருப்பு அறையில் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருந்தன. அவை வந்து இறங்கிய அன்று மருத்துவர் பேராசைப்பட்டு எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. கடைசிப் பக்கம் வரைக்கும் கூடவே வர ஒரே ஒருவரைக் கொடு, சாமி என்றுதான் கேட்டார்.

சாமி யோசித்துக்கொண்டிருந்த இடைவெளியில், அவர் பல்லைப் பார்த்துக்கொண்டே நோயாளிகளுக்குக் கதை சொல்லத் தொடங்கினார். முன்மேசையில் அமர்ந்து ஆட்களை உள்ளே அனுப்பும் அவருடைய மனைவிக்கு இதில் ஏகப்பட்ட சிரிப்பு. “வாயில கருவி இருக்கிறப்போ வேணாம்னு எப்படிங்க சொல்வாங்க?” என்பாள்.

மற்றவர்கள் எல்லாம் சீக்கிரம் முடியுமா என்று கேட்பார்கள். பெயிண்டர் மட்டும், “அவசரமில்ல டாக்டர், மெதுவாவே பண்ணுங்க,” என்பார். நாளெல்லாம் சுவரோடு பழகிய பொறுமைசாலி என்று மருத்துவர் நினைத்துக்கொண்டார்.

முதல் தடவை உண்மையாகவே ஒரு சொத்தை இருந்தது, அடைத்தாயிற்று. அதன்பிறகு வலி வாரத்துக்கு ஓர் இடமாக மாறிக்கொண்டே வந்தது. கீழே வலது பக்கம் என்பார், பிறகு மேலே இடது பக்கம் என்பார். எதுவும் அகப்படாததால் மருத்துவர் அவரிடம் காசு வாங்குவதையே விட்டுவிட்டார்.

“துறைக்கு ஓடி வர்றா. படகுக்காரர் கயித்தை அவிழ்த்துட்டார்.” கதை அந்த இடத்துக்கு வந்தபோது அன்றைய சோதனை முடிந்தது. கொப்பளித்துவிட்டு எழுந்திருக்கச் சொன்னார் மருத்துவர். பெயிண்டர் கொப்பளித்தார், ஆனால் நாற்காலியைவிட்டு எழவில்லை.

மருத்துவருக்கு நப்பாசை பிறந்தது. ஒரு பிரதியை எடுத்து நீட்டி, மீதி இதில் இருக்கிறது, சும்மாவே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பெயிண்டர் விரல்களைச் சட்டையில் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார். அட்டையை நெடுநேரம் பார்த்தார்.

“இந்த நீலம் நல்லா வந்துருக்கு, டாக்டர்.”

அவ்வளவுதான் சொன்னார். அவர் போன பிறகு பார்த்தால், புத்தகம் காத்திருப்பு அறை பெஞ்சின் ஓரத்தில் நேராக வைக்கப்பட்டிருந்தது.

மறந்திருப்பார் என்றாள் மனைவி. மருத்துவர் இல்லையென்று தலையை ஆட்டினார். பாதி எழுதியிருந்த இரண்டாவது நாவலை இழுப்பறைக்குள் தள்ளினார். “பழைய பேப்பர்காரருக்குப் போன் பண்ணு. எல்லாப் பெட்டியையும் எடுத்துட்டுப் போகட்டும். இனிமே நான் பல்லு பாக்குறதோட சரி.”

சரி என்றாள் அவள். அடுத்த வாரமும் பெட்டிகள் அங்கேயே இருந்தன. பேப்பர்காரர் ஊரில் இல்லையாம் என்று சொன்னாள். உண்மையில் அவள் போனைத் தொடவே இல்லை. அந்தச் சின்னப் பொய்யைக் கடவுள் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்.

அன்று பெயிண்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் வந்தார். மெதுவாகவே பண்ணுங்கள் என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு, கேட்கும் முன்பே வாயைத் திறந்து வைத்தார்.

மருத்துவர் இந்த முறை கதையைத் தொடரவில்லை. எச்சில் உறிஞ்சும் குழாயின் சத்தம் மட்டும் கேட்டது. பெயிண்டரின் கண்கள் மருத்துவரின் முகக்கவசத்தையே பார்த்தபடி இருந்தன.

எந்தப் பல் என்று கேட்டதற்கு ஒன்றைத் தொட்டுக் காட்டினார். அதைத் தட்டிப் பார்த்ததும், இல்லை, பக்கத்துப் பல் என்றார். மருத்துவருக்குத் தன் தொழில்மீதே சந்தேகம் வந்துவிட்டது. கதை எழுதுகிற நினைப்பில் ஏதாவது பெரிய வியாதியைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்று பயந்தார்.

“என்னால கண்டுபிடிக்க முடியலங்க,” என்று பேனாவை எடுத்தார். “பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். இனிமே நீங்க அங்கயே காட்டிக்குங்க.”

பெயிண்டர் சட்டென்று எழுந்து உட்கார்ந்து, அவருடைய மணிக்கட்டை மெல்லப் பிடித்தார். வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு, டாக்டர். எனக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பொண்ணு படகைப் பிடிச்சாளா?”