கவலை நீக்கிய வேதாசலம்

மூளையில் கவலைப்படுகிற நரம்புச் சுற்றை ஆஸ்பத்திரியில் அணைத்துவிட்டு வந்ததிலிருந்து வேதாசலம் குளத்தில் கிடக்கும் எருமையைப் போல நிம்மதியாக இருந்தார். காய்ச்சலில் படுத்திருந்த மனைவி செண்பகவல்லிக்கு அந்த நிம்மதிதான் பொறுக்கவில்லை. தன்மேல் இருந்த அன்பும் சேர்ந்து அணைந்துவிட்டதோ என்று பயந்தாள்.

"பிள்ளையாருக்குத் தேங்காயாவது நேர்ந்துக்கிட்டீங்களா?"

"கவலை இருந்தாத்தானே நேர்ந்துக்கணும்?"

"நான் போயிட்டா?"

"போனா எடுத்துப் போடணும். வேறென்ன?"

"பாவி மனுஷா!" என்று சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள்.

அவர் எழுந்துபோய்க் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தார். ஊதி ஆற்றி, அவள் தலையைத் தாங்கிப் புகட்டினார்.

"கவலையே இல்லாத ஆளு, இது எதுக்கு?"

"உனக்குப் பசிக்குமேடி. அதுக்குக் கவலை வேற படணுமா?"

அவள் ஒரு வாய் விழுங்கினாள். "உப்பு ஜாஸ்தி."

"நான் உப்பே போடலியே," என்றார். "அழாம குடி."