அம்மாவின் புது நம்பர்

அம்மாவிடமிருந்து முதல்முறையாகக் குரல் செய்தி வந்திருந்தது.

அலுவலக மேசையில் போன் அதிர்ந்தபோது, அவள் அடுத்த வாரம் போகவேண்டிய வீடுகளுக்கான கேள்விகளை எழுதிக்கொண்டிருந்தாள். காலையில் கண் விழித்ததும் எந்த ஆப்பைத் திறப்பீர்கள்? யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பது எது? வீடு வீடாகப் போய், சோபா ஓரத்தில் உட்கார்ந்து, ஜனங்கள் போனை எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்த்து எழுதுவதுதான் அவள் வேலை. விரல் போகிற போக்கை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள் என்று அலுவலகத்தில் அவளுக்குப் பெயர்.

"எங்கம்மா வாய்ஸ் அனுப்பியிருக்காங்க!" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரியிடம். அந்தக் குரலைக் கேட்டு வருஷக்கணக்கு ஆகிறது.

"அட, போடு. நானும் கேக்கறேன்."

ஸ்பீக்கரில் போட்டாள்.

முதலில் ஓர் இருமல். பிறகு, பிள்ளைகளுக்குப் பாடம் எழுதப் போடுகிற வாத்தியார் மாதிரி நிறுத்தி நிறுத்தி ஓர் ஆண் குரல்.

"கண்ணு... சாப்பிட்டியா... கேள்விக்குறி. அம்மாவுக்கு இன்னிக்கு... உன் நெனப்பாவே இருக்கு... முற்றுப்புள்ளி."

அவள் சட்டென்று நிறுத்தினாள்.

பேசினால் எழுத்தாகிற மைக்குக்குப் பதில், குரலை அப்படியே அனுப்புகிற பக்கத்து மைக்கை அப்பா அழுத்தியிருக்கிறார். அவள் போகிற வீடுகளில் பாதிப் பேர் செய்கிற தப்புதான்.

"அப்பாவா? அம்மாவுக்கு இவர்தான் பி.ஏ.வா?" என்று பக்கத்து நாற்காலிக்காரி சிரித்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனாள்.

மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வாசலில் போய் நின்ற அன்று, "இங்க உனக்கு யாருமில்ல" என்று கதவைச் சாத்தியவர் அப்பா. உள்ளே அம்மா அழுதுகொண்டிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் அவள் திரும்பினாள். கொஞ்ச நாளில் ஒரு புது நம்பரிலிருந்து செய்தி வந்தது. 'கண்ணு, அம்மாதான். கூப்பிடாதே, அப்பாவுக்குத் தெரிஞ்சா வம்பு. எழுது, போதும்.'

எழுதினாள். மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். கட்டினவனோடு போட்ட சண்டைகளை. நாள் தள்ளிப்போனதை. அது தங்காமல் போனதை. எத்தனை துணி நனைந்தது என்பதுவரை. பெற்றவளிடம் மட்டுமே ஒருத்தி சொல்லக்கூடியதை.

அன்றைக்குப் பதில் வர வெகுநேரம் ஆனது. 'படுத்துக்கோ கண்ணு. எதையும் தூக்காதே. டாக்டர்கிட்ட போ.' அம்மாவின் கை நெற்றியில் பட்ட மாதிரி இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்துத்தான் அந்த வாரத்தைத் தள்ளினாள்.

அத்தனையையும் படித்தது அவர்.

குளிக்கும்போது யாரோ கதவைத் தள்ளிவிட்டாற்போல உடம்பு கூசியது.

அவரைப் பற்றியே எழுதியிருக்கிறாள். 'அந்த ஆளுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதாம்மா? அவரெல்லாம் நல்லா இருப்பாரா?' அதற்கும் பதில் வந்தது. 'அந்த மனுஷனை விடு. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.'

என்ன நடிப்பு! துரத்திவிட்டது போதாதென்று, அம்மாவின் பெயரைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்து, ஒன்று விடாமல் கறந்திருக்கிறார்.

கூப்பிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும். போனை எடுத்தாள். குரல் செய்தி பாதியில் நின்றிருந்தது. இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது.

காதோடு வைத்து ஓடவிட்டாள்.

சொல்லி முடித்தவர், எதை அழுத்துவது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருக்கும் சத்தம். எங்கோ குழாய் மூடப்பட்டது. செருப்பொலி நெருங்கி வந்தது.

பிறகு அம்மா. அதே குரல். அழுது ஓய்ந்த குரலில்லை.

"இன்னுமா அவகூடப் பேச்சு? அவளா நானான்னு அன்னிக்கே கேட்டேன்ல? நீதான்னு சொல்லித்தானே போய்க் கதவைச் சாத்துனீங்க?"

செய்தி அதோடு முடிந்தது.

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கையில் இருந்த போனில், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குரல் செய்தி காணாமல் போனது. அந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வந்தது. அதற்குக் கீழே எழுத்தில், ஒன்றுமே நடக்காத மாதிரி: 'கண்ணு, சாப்பிட்டியா?'

எப்போதும் 'சாப்பிட்டேன்மா' என்று அனுப்புவாள். அந்தக் கடைசி எழுத்துக்கு விரல் போகவில்லை.

'சாப்பிட்டேன்' என்று மட்டும் அனுப்பினாள்.

உடனே பார்த்துவிட்டார். 'எழுதுகிறார்' என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

அப்புறம் எதுவும் வரவில்லை.