மூன்றாவது கார்

"வெட்கமே இல்லையா தன்னூஸ் உனக்கு? எங்க தட்டுல வந்து கை வைக்கிறியே!"

பல் டாக்டர் ஹிஷாம் கத்தினார். நான் கத்த நினைத்ததுதான். அவர் முந்திக்கொண்டார்.

எங்கள் கார் பந்தய கிளப்பின் கூட்டம். பெக்கா சமவெளியில் ஒரு டயர் கடையின் பின்பக்கம். ஆளுக்கொரு காபி, ஆளுக்கொரு சட்டம். வருஷப் போட்டிக்கு முன்னால் எப்போதும் இதே கூத்துதான். கார்களை எப்படி வகுப்பு பிரிப்பது?

"இன்ஜின் அளவை வெச்சுப் பிரிக்கிறதெல்லாம் அந்தக் காலம். டயரைப் பார்த்துப் பிரிங்க."

"டயர் விக்கிறவன் வேற என்ன சொல்லுவே? ஓட்டுறவனோட அனுபவத்தைப் பாருங்கப்பா."

"அப்போ உன்னை எந்த வகுப்புலயும் சேர்க்க முடியாதே!"

மேசைக்கடியில் என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். சின்ன இன்ஜின் வகுப்பு இருக்குமா, இருக்காதா?

அப்பா சொல்லிவிட்டார். "பள்ளிக்கூடத்தையும் விட்டாச்சு. இந்தத் தடவையாவது ஒரு கோப்பையோட வா, ஜுமானா. இல்லேன்னா காரை வித்துடுவேன்." சொன்னால் செய்வார். கிளப்பில் எல்லோருக்கும் இது தெரியும்.

கிளப் தலைவர் அபூ ரயீஃப் மேசையைத் தட்டினார்.

"ஒரு வகுப்புல மூணு காராவது ஸ்டார்ட் கோட்டைத் தாண்டணும். இல்லேன்னா அதை மேல் வகுப்போட சேர்த்துடுவோம். சின்ன வகுப்புல இப்போ ஹிஷாமும் ஜுமானாவும்தான். சட்டம் சட்டம்தான்."

மேல் வகுப்பில் ஓடுகிறவை என் காரைப் போல ரெண்டு மடங்கு பலம். அவர்கள் ஓட்டி முடித்து, சாண்ட்விச் தின்று, வாயைத் துடைக்கும்போதுதான் நான் வந்து சேருவேன்.

"அநியாயம்!"

"சின்ன வகுப்புதான் இந்த கிளப்போட உயிரே!"

"நாமெல்லாம் அதுலதானே ஓட்டக் கத்துக்கிட்டோம்!"

எல்லோரும் பொங்கினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"பேசினது போதும். யாராவது ஒருத்தர் சின்னக் காரோட வாங்களேன்."

ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் ஃபோனைப் பார்த்தார். ஒருத்தருக்கு ஒரு வகுப்புதான் என்பது இன்னொரு சட்டம். எங்களோடு ஓடினால் தன் வகுப்பை விட வேண்டும். யார் விடுவார்?

அப்போதுதான் மூலையிலிருந்து தன்னூஸ், "என் பேரைச் சின்ன வகுப்புல போடுங்க. மாமியார் கார் சும்மாதான் நிக்குது" என்றார்.

தன்னூஸ் யார் தெரியுமா? பெரிய வகுப்புக் கோப்பையை நாலு வருஷமாக யாருக்கும் கொடுக்காத மனுஷர்! அதற்குத்தான் ஹிஷாம் அப்படிக் கத்தினார்.

"வகுப்பு இருந்து என்ன புண்ணியம்? கோப்பையை நீதானே தூக்கிட்டுப் போவே!"

"பெரிய கோப்பை போரடிச்சுப் போச்சு டாக்டர். பக்கத்துல சின்னதா ஒண்ணு வெச்சா அலமாரி அழகா இருக்கும்" என்று சிரித்தார் தன்னூஸ்.

நான் எழுந்தே விட்டேன். "என்னை மாதிரி ஒரு பொண்ணை ஜெயிச்சா உங்களுக்கு இன்னொரு மீசை முளைக்குமா அண்ணே?"

கூட்டம் ஓவென்றது. அவர் காபியை ஒரு மடக்கு குடித்தார்.

"முடிஞ்சா நீ ஜெயி."

அந்த வாரம் முழுக்க எனக்கு ரொட்டி இறங்கவில்லை. பிரேக்கை மாற்றினேன். மறுபடி கழற்றி மாட்டினேன். நகத்தைக் கடித்துத் துப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை. உருளைக்கிழங்கு மண்டி மைதானத்தில் ஆரஞ்சுக் கூம்புகளை நட்டிருந்தார்கள். ஒன்றையும் சாய்க்காமல் வளைந்து வளைந்து சீக்கிரம் முடிப்பவருக்குத்தான் கோப்பை. பயிற்சி ஓட்டத்திலேயே தன்னூஸ் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். மாமியார் கார் கூம்புகளுக்கு நடுவே மீன் மாதிரி வளைந்தது.

போட்டியில் ஒரே ஓட்டம்தான். முதலில் அவர்.

பச்சைக் கொடி அசைந்தது. கார் கோட்டைத் தாண்டியது. முதல் கூம்பைத் தொடுவதற்குள் குலுங்கி நின்றது.

தன்னூஸ் இறங்கி பானெட்டைத் திறந்தார். தலையைச் சொறிந்தார்.

"மாமியார் சாபம்டா!" ஒரே விசில். எல்லோரையும் விட சத்தமாகச் சிரித்தது நான்தான். ஹெல்மெட்டில் தாளம்கூடப் போட்டேன். நாலு பேர் வந்து காரை வாசல் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

அடுத்து ஹிஷாம். ரெண்டு கூம்பைச் சாய்த்துவிட்டு, கூம்பையே திட்டினார்.

கடைசியில் நான். ஒரு கூம்பும் விழவில்லை. அதற்கு மேல் எனக்கு எதுவும் நினைவில்லை.

மத்தியானம் பெரிய வகுப்பு ஓடியது. நாலு வருஷமாகத் தன்னூஸ் வாங்கிய கோப்பையை அபூ ரயீஃபின் மகன் வாங்கினான். தன்னூஸ் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நல்லா வேணும் என்று நினைத்தேன்.

அபூ ரயீஃப் மைக்கைப் பிடித்தார். "சின்ன வகுப்பு. கோட்டைத் தாண்டின கார் மூணு. வகுப்பு செல்லும். முதலிடம், ஜுமானா!"

கோப்பையை வாங்கியதும் சும்மா இருக்க முடியவில்லை. இழுவைக் கயிற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். திறந்த பானெட்டில் சாய்ந்து தன்னூஸ் ஃபலாஃபல் தின்றுகொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, மாமியார் கோவிச்சுக்கிட்டாங்களா? கட்டி இழுத்துட்டுப் போய் வீட்டுல விடட்டுமா?"

"வேண்டாம். நீ போய் உங்க அப்பாகிட்ட கோப்பையைக் காட்டு."

கையைத் துடைத்துக்கொண்டு பானெட்டை மூடினார்.

"அடுத்த வருஷம் மூணாவது ஆளை நீயே தேடிக்கோ. மாமியார் திரும்பக் கார் தர மாட்டாங்க."

உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

முதல் திருப்பிலேயே இன்ஜின் உறுமியது. கார் மண்டி வாசலைத் தாண்டிப் பறந்தது. இழுவைக் கயிறு என் கையிலேயே இருந்தது.