இரண்டாம் பரிசு

சுங்கை பட்டாணி ஆணழகன் போட்டியில் எரிக்குக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. அவனுடைய பயிற்சியை டிவிக்கு ஆவணப்படமாக எடுக்க, பாக்கார் ஆராங் ஜிம்முக்குத் தினமும் வந்த எலைனின் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"சோரி லா, எலைன். உங்க படத்தைக் கெடுத்துட்டேன்."

"டிவிக்காரங்க பயிற்சி மட்டும் போதும்னாங்க. போன மாசமே முடிச்சுக் கொடுத்துட்டேன்."

எரிக் விழித்தான். "நேத்துகூட நான் முட்டை உரிச்சதை அவ்வளவு நேரம் எடுத்தீங்களே?"

எலைன் கேமராவைத் திறந்து காட்டினாள். உள்ளே மெமரி கார்டே இல்லை.

"சும்மா வந்து நின்னா, ஏன் வர்றேன்னு கேப்பீங்கல்ல?"

எரிக் கை நீட்டி அந்தக் கேமராவை மூடினான்.

"நாளைக்கும் வாங்க," என்றான். "கேமரா வேணாம்."